மிச்சமான வெளிச்சம் யாருக்கு?

எது வீண்? சுலபமான கேள்விதான். குழாயில் சொட்டும் தண்ணீர் வீண். தட்டில் மிஞ்சிய சோறு வீண். ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேன் வீண். இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் வீணாவதைத் தடுத்தால் ஒரு மிச்சம் கிடைக்குமே, அது யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். முதல் கேள்விக்குப் பொறியியல் பதில் சொல்லும். இரண்டாவது அறத்தின் கேள்வி. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. ‘எஃபிஷியன்ட்’ என்ற சொல்லை ‘நல்லது’ என்ற பொருளிலேயே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு சின்னப் பொருளை வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன். இந்தக் கட்டுரையை நீங்கள் போனில் படிக்கிறீர்கள் என்றால் அது உங்கள் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கக்கூடும். ஓஎல்இடி திரை.

*

ஓஎல்இடி திரையில் பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கரிமச் சேர்மங்களால் ஆன மெல்லிய அடுக்குகள். எல்லாம் சேர்ந்தே சில நூறு நானோமீட்டர்தான். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான் வருகிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து ‘துளை’ வருகிறது. இரண்டும் நடுவில் சந்தித்து ஜோடி சேர்கின்றன. அந்த ஜோடி கலையும்போது ஒளி பிறக்கிறது. 1987ல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் இதை நன்றாக எரியவைத்துக் காட்டினார்கள். அன்றைக்கு அதன் செயல்திறன் ஏறத்தாழ 1 சதவீதம். அதாவது 100 எலக்ட்ரான் உள்ளே போனால் ஒரே ஒரு போட்டான் வெளியே வரும்.

மீதி எங்கே போச்சு? முக்கியமாக இரண்டு இடங்களில் தொலைந்தது. முதல் இடம், ஜோடி சேரும் இடம். குவாண்டம் விதிப்படி நான்கு ஜோடிகளில் ஒன்றுதான் ஒளிரும் வகை. மற்ற மூன்றும் சாதாரண மூலக்கூறுகளில் வெப்பமாகிப் போய்விடும். 1998ல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் ஆகியோரின் குழு மூலக்கூறுக்குள் பிளாட்டினம் போன்ற கனமான உலோக அணு ஒன்றை வைத்து அந்த மூன்றையும் ஒளிரவைக்க முடியும் என்று காட்டியது. பின்னால் இரிடியம் வந்தது. சிவப்பிலும் பச்சையிலும் உள்ளே போகும் ஏறக்குறைய ஒவ்வொரு எலக்ட்ரானையும் போட்டானாக்கும் நிலை வந்தது. நீலம் மட்டும் வெகுநாள் முரண்டு பிடித்தது.

இரண்டாவது இடம்தான் எனக்குப் பிடித்த இடம். ஒளி பிறந்துவிட்டது, ஆனால் வெளியே வர வழியில்லை.

புதுப்பட்டினத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன் நான். ஒளியியல் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு வரும்போது கிணற்றைத்தான் சொல்வேன். கிணற்றுக்குள் மூழ்கி மேலே பார்த்திருக்கிறீர்களா? வானம் முழுக்கத் தெரியாது. தலைக்கு மேல் வட்டமாக ஒரு ஜன்னல், அதற்குள் மொத்த வானமும் சுருங்கிக் கிடக்கும். வட்டத்துக்கு வெளியே தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதையே திருப்பிக் காட்டும். நீருக்குள்ளிருந்து மேலே போகும் ஒளி, நேர்க்கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்தால், பரப்பைத் தாண்ட முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும். ஒளிவிலகல் எண் கூடக்கூட அந்த ஜன்னல் சுருங்கும். ஓஎல்இடியின் கரிம அடுக்குக்கு அந்த எண் ஏறத்தாழ 1.7. ஜன்னல் 36 டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது. ஒளியோ எல்லாத் திசையிலும் பிறக்கிறது. கணக்குப் போட்டால், எந்த உபாயமும் செய்யாத சாதாரண ஓஎல்இடியில் பிறக்கும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் நம் கண்ணுக்கு வரும். மற்றதெல்லாம் கண்ணாடிக்குள்ளும் அடுக்குகளுக்குள்ளும் பக்கவாட்டில் ஓடி, உலோக மின்முனையின் பரப்பில் உறிஞ்சப்பட்டு, சூடாகி முடிந்துபோகும்.

எவ்வளவு நல்ல மூலக்கூறு செய்தாலும் இந்த வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளாக ஆட்கள் வாசலை இடித்துப் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். கண்ணாடியின் வெளிப்பரப்பில் நுண்ணிய குமிழ் லென்ஸ்களை வரிசையாகப் பதித்தால் வெளிவரும் ஒளி ஒன்றரை மடங்கு கூடுகிறது என்று 2002ல் பிரின்ஸ்டனில் கண்டார்கள். ஒளியைச் சிதறடிக்கும் அடுக்கை நடுவில் வைத்தார்கள். மூலக்கூறுகளைப் படுக்கைவாட்டில் அடுக்கி, ஒளி முன்பக்கம் பார்த்துப் பிறக்கும்படி செய்தார்கள். இந்தச் சிக்கல் மின்மினிக்கும் உண்டு என்பது இன்னொரு சுவாரசியம். அதன் வயிற்று விளக்கின் மேலிருக்கும் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி சாய்வாக, படிபடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அமைப்பைப் பார்த்து ஒரு மேலடுக்கு செய்து சாதாரண எல்இடி மேல் வைத்தபோது வெளிவரும் ஒளி 55 சதவீதம் கூடியது என்று 2013ல் ஓர் ஆய்வு வந்தது.

போன வருஷம் இதை நடத்தியபோது குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: “சார், உள்ள மாட்டிக்கினு கெடக்கற வெளிச்சத்த வெளிய கொண்டாந்துட்டா கரண்டு மிச்சமாவுமா, இல்ல ஸ்கிரீன் இன்னும் பளிச்சுனு எரியுமா?”

“ரெண்டுல எது வேணாலும் செய்யலாம்மா. யாருக்கு எது வேணுமோ அது.”

“யாருக்கு வேணும்னு யாரு சார் முடிவு பண்றது?”

பாடத்தில் இல்லாத கேள்வி. இந்தக் கட்டுரைக்குக் காரணமான கேள்வியும் அதுதான்.

*

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி எடை உண்டு. புதுப்பட்டினத்தை ஒட்டிக் கல்பாக்கம் அணுமின் நிலையம். தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள், 1980களில் ஓடத் தொடங்கியவை. இத்தகைய உலையில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாகிறது. மீதி வெப்பத்தைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போகிறது. இது யாருடைய கவனக்குறைவும் கிடையாது, வெப்ப இயக்கவியலின் விதி. நிலக்கரி ஆலைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அந்த மின்சாரம் கிரிட்டில் கலந்து, கம்பியில் கொஞ்சம் இழந்து, சார்ஜரில் கொஞ்சம் இழந்து, பேட்டரியில் கொஞ்சம் இழந்து, கடைசியாக பிக்சலுக்கு வருகிறது. அங்கே ஐந்தில் நான்கு பங்கு ஒளி வாசலைத் தாண்டாமல் செத்துப்போகிறது.

இந்தச் சங்கிலியில் ஓர் உண்மை இருக்கிறது. கடைசிக் கண்ணியில் மிச்சம் பிடிக்கும் ஒரு பங்கு, முதல் கண்ணியில் பல பங்குகளாகப் பெருகும். திரையில் ஒரு அலகு குறைத்தால் உலையில் மூன்று, நான்கு அலகு வெப்பம் தேவைப்படாது. ஆகவே வாசலைப் பெரிதாக்கும் வேலையைச் சும்மா ஒரு தொழில்நுட்ப விளையாட்டு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. உலையும் அனல்மின் நிலையமும் எப்போதும் யாரோ ஒருவருடைய ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு மெகாவாட் தேவையில்லாமல் போவது அந்த ஊருக்கு நிஜமான விஷயம்.

ஆனால் ‘தேவையில்லாமல் போகிறதா’ என்பதுதான் சந்தேகம்.

1865ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி எந்திரம் குறைந்த கரியில் ஓடத் தொடங்கியதும் கரிச்செலவு குறையவில்லை, கூடியது என்றார். ஒவ்வொரு எந்திரத்துக்கும் கரி குறைந்தது. அதனாலேயே எந்திரம் வைப்பது கட்டுப்படியாயிற்று. ஆகவே எந்திரங்கள் பெருகின. இதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. 2015ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் இந்தியாவில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகமாயின; குண்டு பல்பு இருந்த இடத்தில் எல்இடி வந்த வீடுகளில் மின்கட்டணம் குறைந்தது உண்மை. இருட்டில் கிடந்த ஒரு வீட்டில் புதிதாக ஒரு பல்பு எரிந்தால் அதைப் போய் ‘கூடுதல் நுகர்வு’ என்று குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதே நேரம், 2012க்கும் 2016க்கும் இடையில் பூமியில் இரவில் வெளிச்சமாகும் நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் வளர்ந்தது என்று செயற்கைக்கோள் அளவீடு சொன்னது. விளக்குகள் சிக்கனமாக மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது.

திரைக்கு வருவோம். ஒரு ஓஎல்இடியில் வெளிவரும் ஒளியை ஒன்றரை மடங்காக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாபத்தை நான்கு விதமாகச் செலவழிக்கலாம். ஒன்று, மின்சாரத்தை அப்படியே விட்டுத் திரையைப் பிரகாசமாக்கலாம். இரண்டு, அதே பிரகாசத்தில் மின்சாரத்தைக் குறைக்கலாம். மூன்று, மின்சாரம் குறைகிறதே என்று பேட்டரியைச் சிறிதாக்கி போனை மெலிதாக்கலாம். நான்காவதைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. ஆயுள். கரிமச் சேர்மங்கள் எரிந்து எரிந்து தேய்பவை. பிரகாசத்தை இரண்டு மடங்காக்கினால் திரையின் ஆயுள் பாதியை விடவும் குறைந்துவிடும். இதையே திருப்பிப் போட்டால், அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்னோட்டத்தில் எடுத்தால் திரை பல மடங்கு காலம் உழைக்கும்.

நடந்தது என்ன? 2017ல் வந்த ஐபோன் டென் திரையின் உச்சப் பிரகாசம் 625 நிட். 2022ல் வந்த ஐபோன் 14 ப்ரோவில், வெயிலில் 2,000 நிட். 2023ல் எல்ஜி டிஸ்ப்ளே கோடிக்கணக்கான நுண் லென்ஸ்களைத் திரைக்குள் பதித்து, உள்ளே மாட்டிக்கொண்ட ஒளியை வெளியே எடுத்தது. நான் மேலே சொன்ன அதே உபாயம், கடைக்கு வந்துவிட்டது. அறிவிப்பில் முன்னால் நின்ற எண், பிரகாசம் 60 சதவீதம் கூடுதல் என்பது. சாம்சங் 2021ல் ஒரு மடிப்பு போனில் போலரைசர் என்ற அடுக்கை எடுத்துவிட்டபோது, மின்சாரம் 25 சதவீதம் வரை குறைகிறது என்பதை முன்னால் வைத்தது. ஆக, இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது. ‘இந்தத் திரை இனி பத்து வருஷம் உழைக்கும்’ என்று விற்கப்பட்ட போன் மட்டும் என் கண்ணில் படவில்லை. ஏன் என்று யோசித்தால் புரியும். மற்ற மூன்றும் புது போனை விற்க உதவும். நான்காவது, அடுத்த போன் விற்பதைத் தள்ளிப்போடும்.

*

இவ்வளவு தூரம் வந்தபின், ‘பிரகாசம் என்பது பேராசை, சிக்கனமே அறம்’ என்று முடித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும். முடிக்கவிடாமல் இந்தக் கரையே இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்து முன்னால் போடுகிறது.

முதலாவது, நடுப்பகல். கடலுக்குப் போகிறவர்கள் இன்றைக்குக் காற்று, அலை, மீன் இருக்கும் பகுதி எல்லாவற்றையும் போனில் பார்க்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே ஒரு செயலி செய்திருக்கிறது. குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் சொன்னார்: “காத்தால நல்லாத்தான் தெரியுது தம்பி. வெயில் ஏறிட்சுன்னா இது வெறும் மூஞ்சி பாக்கற கண்ணாடி. எம் மூஞ்சிய நானே பாத்துக்கினு எத்தினி நேரம் கெடக்கறது?”

அவர் சொன்னது இயற்பியல்படி சுத்தமான உண்மை. உச்சி வெயிலில் விழும் ஒளிக்கு முன்னால் திரையின் ஒளி எம்மாத்திரம். அதிலும் ஓஎல்இடிக்குப் பின்னால் இருப்பது பளபளக்கும் உலோக மின்முனை. போலரைசர் அங்கேதான் வேலை செய்கிறது. வெளியிலிருந்து வந்து பட்டுத் திரும்பும் ஒளியை அது பிடித்து விழுங்கிவிடும். அதனால் கறுப்பு கறுப்பாகத் தெரியும். அதற்கு அது வாங்கும் கூலி, பிக்சலிலிருந்து வரும் ஒளியில் பாதிக்கும் மேல். ஏற்கெனவே ஐந்தில் ஒன்றுதான் வெளியே வந்தது, அதிலும் பாதி போச்சு. ஆனால் இதை வீண் என்று சொல்ல முடியுமா? மிச்சமிருக்கும் பாதியைப் படிக்கத்தக்கதாக்குவது அந்த இழப்புதான். எது இழப்பு என்று ஒரு மீட்டர் அளந்து சொல்லிவிடும். எது வீண் என்று சொல்ல, அந்தப் பொருள் யாருக்காக, எதற்காக என்று தெரிய வேண்டும். வெயிலில் நிற்கிறவருக்கு 2,000 நிட் ஆடம்பரம் கிடையாது, எழுத்து தெரிவது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிரகாசம் முதலில் போய்ச் சேர்வது ஏசி அறையில் இருப்பவரின் விலை உயர்ந்த போனுக்கு. படகில் இருப்பவர் கையில் உள்ளது மங்கலான மலிவு போன்.

இரண்டாவது, நடு ராத்திரி. தை, மாசியில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிட்டுப் போகும். ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் இரவில் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போ என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே வழி. பல லட்சம் ஆண்டுகளாக அந்தப் பக்கம் என்றால் கடல்; நட்சத்திரத்தையும் நிலாவையும் வாங்கிப் பிரதிபலிக்கும் நீர். இப்போது மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. ரிசார்ட் விளக்கு, தெருவிளக்கு, வீட்டு மாடி விளக்கு இருக்கிறது. குஞ்சுகள் ரோட்டைப் பார்த்து நடக்கின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் பல இடங்களில் பொரிப்பகம் நடத்துகிறது. குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: லைட்டை அணைங்க.

ஒளியை வெளியே கொண்டுவர ஒரு கூட்டம் ராப்பகலாக உழைக்கிறது. வெளியே வந்த ஒளியை உள்ளே வைக்கச் சொல்லி இன்னொரு கூட்டம் கெஞ்சுகிறது. ஆமைக்குஞ்சைத் திசை திருப்புவது போன் திரை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தெருவிளக்கைப் பெருக்கிய தர்க்கமும் திரையைப் பெருக்கும் தர்க்கமும் ஒன்று: மலிவாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வைப்போம். கடைகளுக்கு வெளியே, சாலை ஓரத்தில், விளம்பரத் திரைகள் எரிவதைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கதைகள் என்று சொல்லத் தோன்றாது.

*

செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்பார்கள். ஏரி வைத்து விவசாயம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். மதகைச் சரிசெய்வது ஒரு வேலை, மதகு வழியாக வரும் தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்பது வேறு வேலை. கரை உடையாமல் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், முறை வைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி இன்னொருவர். கசிவை அடைத்தால் தண்ணீர் மிஞ்சும். மிஞ்சிய தண்ணீர் தானாகக் கடைமடைக்குப் போய்விடாது. யாராவது ஒருவர் முடிவு செய்து விட்டால்தான் போகும். இல்லையென்றால் மதகுக்குப் பக்கத்து வயல்காரர் இன்னொரு போகம் வைப்பார், அவ்வளவுதான்.

எங்களுக்கு மேற்கே உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற அமைப்பு வருகிறது. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஏரியைக் கவனித்தார்கள். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது நம் வழக்கம். அந்தக் கல்வெட்டே இன்னொன்றையும் சொல்கிறது: யார் உறுப்பினராகலாம் என்று. வரி செலுத்தும் கால் வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழவே முடியாது. ஆக, அந்த வாரியத்திடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு. மிச்சத்தைப் பங்கிட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. “ஏன், திரையில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு இருக்கிறதே, நீங்களே குறைத்துக்கொள்ளுங்களேன்” என்று கேட்கலாம். அந்தக் கோட்டை இழுத்து இந்த நிமிஷத்தின் வெளிச்சத்தைத்தான் குறைக்க முடியும். திரை எத்தனை வருஷத்துக்காக வடிவமைக்கப்பட்டது, பேட்டரியைக் கழற்ற முடியுமா, மலிவு போனுக்கு நல்ல திரை வருமா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. அவை முன்பே முடிவாகி, பெட்டிக்குள் வைத்து ஒட்டப்பட்டு நம் கைக்கு வருகின்றன. தனிமனிதச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பங்கீட்டின் பொறுப்பை முழுக்க வாங்குகிறவர் தலையில் வைப்பது, கடைமடைக்காரரிடம் போய் ‘தண்ணியைப் பாத்துச் செலவு பண்ணு’ என்பது போலத்தான்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கொரியாக்காரர்களின் விவகாரம் என்று தோன்றலாம். 2022ல் ஐபோன் 14 ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படத் தொடங்கியபோதுகூடத் திரை வெளியிலிருந்துதான் வந்தது. பூட்டும் கைகள்தான் நம்முடையவை. ஆனால் 2024 ஆகஸ்டில் சென்னை ஐஐடியில் ஆமோலெட் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் டாடா சன்ஸும் பணம் போட்டிருக்கின்றன. போனுக்கும் கைக்கடிகாரத்துக்கும் வேண்டிய ஓஎல்இடி திரைகளை இங்கேயே உருவாக்குவது அதன் நோக்கம். அதில் பொதுப்பணம் இருக்கிறது. பொதுப்பணம் இருக்கும் இடத்தில் என் மாணவியின் கேள்விக்கு இடமிருக்க வேண்டும்.

என் தரப்பை இப்படி வைக்கிறேன். செயல்திறனைக் கூட்டுவது கடமை. வழியிருந்தும் ஐந்தில் நான்கு பங்கு ஒளியைச் சூடாக்கிச் சாகவிடுவதற்கு நியாயம் கிடையாது, அதிலும் அந்த ஒளிக்கான மின்சாரம் யாரோ ஒருவருடைய ஊரில் பிறக்கும்போது. ஆனால் அந்தக் கடமையைச் செய்து முடித்ததும் அறம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கசிவை அடைத்தவர் ஒரு மிச்சத்தை உண்டாக்கியிருக்கிறார். மிச்சம் உண்டானதும் பங்கு கேட்கும் உரிமையும் கூடவே உண்டாகிறது. வெயிலில் நிற்கும் படகுக்காரர், பழைய போனை ஐந்து வருஷமாவது ஓட்டியாக வேண்டியவர், உலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர், பேச வாயில்லாத ஆமைக்குஞ்சு, இவர்கள் எல்லோரும் அந்த மிச்சத்தில் பங்காளிகள்.

இதற்குப் பெரிய வாரியமெல்லாம் உடனே வேண்டாம். சின்னதாக ஆரம்பிக்கலாம். ஒரு புதிய திரையை அறிவிக்கும்போது உச்சப் பிரகாசத்தோடு கூட இரண்டு எண்களை அச்சிடட்டும். போன மாடலின் அதே பிரகாசத்தில் இது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது? அதே பிரகாசத்தில் எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைக்கும்? ஆய்வகத்தில் இந்த இரண்டும் ஏற்கெனவே அளக்கப்படுகின்றன. பொதுப்பணத்தில் நடக்கும் மையம் இதை முதலில் செய்து காட்டலாம். மலிவு போனுக்கும் வெயிலில் தெரியும் திரை என்பதை ஆராய்ச்சி இலக்குகளில் ஒன்றாக எழுதிவைக்கலாம். இதைப் படிக்கும் உங்களில் சிலர் நாளைக்கு அந்த ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கப்போகிறவர்கள். ஒன்றரை மடங்கு ஒளியை வெளியே எடுத்துவிட்டோம் என்று யாராவது ஸ்லைடு போட்டுக் காட்டினால் கைதட்டுங்கள், அது கைதட்ட வேண்டிய வேலைதான். தட்டி முடித்தபின், அந்த அரை மடங்கு எங்கே போகிறது என்றும் அந்த அறையிலேயே கேட்டுவிடுங்கள்.